என் சந்தேகம், அவர் குரல்

அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தது என் கணவர்தான். நான் அவருடைய போனை வாங்கி அதைப் படித்துக்கொண்டிருந்தவள், அவ்வளவே.

ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேருக்குக் கம்பெனி வேலை. என் கணவர் ஒரு கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். நான் வேறொரு கம்பெனியில், வண்டிகளுக்குப் போகும் பல்சக்கரங்களை அளந்து, தேறுவதையும் தேறாததையும் பிரிக்கும் அறையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் அவரை அந்தக் கிரிப்டோ குழுவில் சேர்த்துவிட்டார். ஒரு செயலியில் பணத்தைக் கட்டினால் அது காயினாக மாறுமாம். காயின் தினமும் வளருமாம். ஆள் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்குத் தனியாக ஒரு பங்கு உண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி, கெலமங்கலம், எல்லையைத் தாண்டி ஆனேக்கல் வரைக்கும் அதில் ஆட்கள் இருந்தார்கள். காலையில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழியிலும் வணக்கம் வந்து குவியும்.

ஸ்கூட்டர் வாங்க எடுத்து வைத்திருந்ததை என்னிடம் கேட்காமலே அதில் போட்டுவிட்டுப் பிறகு சொன்னார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சரி, போட்டது போட்டாயிற்று, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று போனைக் கையில் எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். "ஏங்க, இது தெனமும் ஒரே மாதிரி ஏறுது, கவனிச்சீங்களா? ஒரு நாளும் கூடுதலா ஏறல, ஒரு நாளும் கொறவா ஏறல."

"நல்லதுதான?"

"என்ன நல்லது? நான் பத்து பீஸ் அளந்து, பத்துக்கும் ஒரே அளவு எழுதி வச்சா எங்க சூப்பர்வைசர் என்ன கேப்பாரு தெரியுமா? நெஜமா அளந்தியா, இல்ல ஒண்ண அளந்துட்டு மிச்சத்த எழுதிட்டியான்னு கேப்பாரு. நெஜமா அளந்தா முடியளவாவது வித்தியாசம் வரும். இதுல எதுவுமே வரல. யாரோ உக்காந்து எழுதுறாங்க."

அவர் தோசையை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது சிரித்தபடி போனை நீட்டினார். "பாரு, குழுவே ஆடிப்போச்சு." நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். 'நண்பர்களே, பத்து பொருட்களை அளந்தால் பத்தும் ஒரே அளவு வராது. அளக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.' கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். சரியான கேள்வி சார். யாருக்குமே தோணல சார். உங்க மூளையே மூளை சார்.

அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றை அவர் வாழ்நாளில் கையில் பிடித்ததில்லை.

அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் வீட்டு ஆள்தானே, யார் பேரில் வந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். குழுவில் கேள்வி கேட்டவர்களையெல்லாம் அதுவரை சத்தமில்லாமல் நீக்கிவிடுவார்கள். இவருக்கு அத்தனை பேர் கைகூப்பியதால் நீக்க முடியவில்லை. 'லீடர்' என்று எல்லோரும் அழைத்த பெங்களூர்க்காரர், கிருஷ்ணகிரியில் கூட்டம் போடும்போது நேரில் பதில் சொல்வதாக எழுதினார்.

அதன் பிறகு எனக்கு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. வெளிநாட்டு ஆபீஸ் என்று அவர்கள் போட்டிருந்த படத்தை வைத்துத் தேடினேன். அதே கட்டடம் வேறொரு கம்பெனியின் பெயரில் வந்தது. அதைச் சொன்னேன். அவர் எழுதினார். காயினைப் பணமாக்கி எடுத்துவிட்டதாக இரண்டு பேர் ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார்கள். ஒருவர் பர்கூர், இன்னொருவர் சூளகிரி. பெயரும் தொகையும்தான் வேறு. இரண்டிலும் மேலே போனின் நேரமும் ஒன்று, மீதமிருந்த சார்ஜும் ஒன்று. அதையும் சொன்னேன். அதையும் அவர்தான் எழுதினார்.

கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும் பெண்ணின் தம்பியும் அந்தக் குழுவில் இருந்தான். ஒரு நாள் அவள் சொன்னாள்: "உங்க வூட்டுக்காரரு ரொம்ப வெவரமானவருன்னு எந்தம்பி சொல்லிட்டே இருக்கான்க்கா. எப்படித்தான் கண்டுபுடிக்கிறாரோ."

"ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் ப்ளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்த ஒரு பெண்ணும் அந்தக் குழுவில் இருந்தாள். கணவனை இழந்தவள். தன் தங்கையையும் கடைக்கு வரும் சில பெண்களையும் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். என் கணவர் எழுத ஆரம்பித்த பிறகு அவளுக்குப் பயம் வந்துவிட்டது. குழுவில் கேட்காமல் அவருக்குத் தனியாகவே குரல் பதிவு அனுப்பத் தொடங்கினாள். 'சார், இன்னும் கட்டச் சொல்றாங்க சார், கட்டலாமா?' 'சார், என் தங்கச்சி கேக்குறா சார், என்ன சொல்லட்டும்?'

அவர் குளிக்கப் போனதும் நான் போனைக் காதில் வைத்துக் கேட்பேன். அவள் குரலைக் கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாமல் போனது அவருடைய பதில்களைத்தான். 'மேடம், பதட்டப்படாதீங்க. நிதானமா ஒண்ணொண்ணா பாப்போம்.' அந்த நிதானமும் அந்த மென்மையும் எங்கிருந்து வந்தன? கல்யாணமான புதிதில், என் அம்மா வீட்டுக்குப் போன் செய்து என்னிடம் பேசும்போது அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது. பதினெட்டு வருடத்தில் அது எங்கேயோ போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை. இருந்திருக்கிறது. அந்தக் குரலில் அவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம், நான் தேங்காய் துருவிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் அவரிடம் சொன்னவை.

அவளுடைய படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பச்சைப் புடவை, மூக்குத்தி. அழகா இல்லையா என்று முடிவு செய்ய முடியாமல் மூடிவிடுவேன். மறுநாள் மறுபடி பார்ப்பேன்.

கூட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டிலும் மேலே ஓரத்தில், நேரத்துக்குப் பக்கத்தில், ஒரு மிஸ்டு கால் குறி இருந்தது. ஒரே இடம், ஒரே குறி. பர்கூர்க்காரருக்கும் சூளகிரிக்காரருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சார்ஜில், ஒரே மாதிரி தவறிய அழைப்பு. யாரோ ஒருவருடைய போனில் எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மற்றவற்றுக்கெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லலாம். இதற்கு எதுவும் சொல்ல முடியாது.

"ஏங்க" என்று கூப்பிட வாயெடுத்தேன். அவர் கூடத்தில் நடந்துகொண்டே அவளுக்குப் பதில் பதிவு செய்துகொண்டிருந்தார். "நான் இருக்கன் இல்ல மேடம்" என்றார்.

நான் கூப்பிடவில்லை.

கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓட்டல் ஒன்றின் மாடி ஹாலில். நானும் வருகிறேன் என்றதும் அவருக்கு ஆச்சரியம். "உனக்கு எதுக்கு அலைச்சல்?" என்றார். நான் கல்யாண வீடுகளுக்குக் கட்டும் புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் அவர் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டே வந்தார்.

தையல்கடைப் பெண் வாசலிலேயே காத்திருந்தாள். படத்தில் இருந்ததை விட மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். எங்களுக்கு இரண்டாவது வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்நுனி சொரசொரவென்று இருந்தது.

"அக்கா, நீங்களும் வந்தது ரொம்ப சந்தோசம்க்கா. சார் இல்லன்னா நான் எப்பவோ இன்னும் கட்டியிருப்பேன். தங்கச்சியும் வளையல வித்துக் கட்டறன்னு நிக்கிறா. இன்னிக்கி சார் கேக்கறதுக்கு அவங்க என்ன சொல்றாங்களோ, அத வச்சுத்தான்க்கா முடிவு பண்ணணும்."

இதை அவள் என்னிடம் சொன்னாள். வேறு யாரோ சொல்லி நான் அறிந்ததில்லை. அதனால், எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

ஹாலில் நூறு பேருக்கு மேல் இருக்கும். ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தவர்கள், ரிடையர் ஆனவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். லீடர் நல்ல வெள்ளைச் சட்டையில், தமிழும் கன்னடமும் கலந்து, அலுக்காமல் பேசினார். கடைசியில், "கேள்வி இருக்கறவங்க கேக்கலாம்" என்றார். எல்லோரும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். ஜெராக்ஸை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேரமும் சார்ஜும் ஒன்றாக இருப்பதைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி எட்டிப் பார்த்தார்கள்.

லீடர் சிரித்தார். "ஸ்வல்ப இரி சார், கொஞ்சம் இருங்க, சொல்றேன். நல்ல கேள்வி. இந்த ஸ்கிரீன்ஷாட்ட ஆளுங்க எடுக்கறதில்ல சார். பணம் போனதும் எங்க சர்வரே எடுத்து அனுப்பிடும். சர்வர் ஒண்ணுதான? அதனால நேரமும் ஒண்ணு, சார்ஜும் ஒண்ணு. அவ்ளோதான் விசயம்."

ஹாலில் ஒரு பெருமூச்சு. யாரோ சிரித்தார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு பதில்தான் தேவையாக இருந்தது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. என் கணவர் தாளைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. சர்வருக்கு யாருங்க மிஸ்டு கால் குடுத்தது? இவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டிருக்கலாம்.

நான் குனிந்து காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். நிற்கட்டும் என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால், அவள் முன்னால், ஒரு நிமிடம் அப்படி நிற்கட்டும். யாருடைய மூளை என்று தெரியட்டும். அந்த நிமிடத்தில் என் மனதில் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கைக்குழந்தையோடு இருந்த பெண் இல்லை, தங்கையின் வளையல் இல்லை.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். கை தட்டினார்கள், அவருக்கல்ல. லீடர் எங்கள் பக்கமாக நடந்து வந்தவர், கூட இருந்த பையனிடம் கன்னடத்தில் தாழ்ந்த குரலில், "ஆமேலே தெகெதுபிடு" என்றார். பிறகு இவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. ஓசூரில் இருப்பவளுக்கு இந்தக் கன்னடம் புரியாதா? அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் ஹாலின் ஓரத்தில் போட்டிருந்த மேசையில் புதிதாகக் கட்டுபவர்கள் வரிசையில் நின்றார்கள். அவளும் போய் நின்றாள். போகும்போது என் கணவரிடம், "சார், இப்ப சரியாத்தான சார் சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர், "அப்படித்தான் தெரியுது மேடம்" என்றார். அந்தக் குரல் அப்போது இல்லை. களைத்துப்போன ஒரு சாதாரணக் குரல். எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷம் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை அவர் ஃபைலையே புரட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "நீ ஏதாவது சொல்லுவன்னு பாத்தேன்" என்றார்.

"எனக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரிஞ்சவரு நீங்கதான."

அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே பல்சக்கரத்தை மூன்று முறை அளந்தேன். செவ்வாய்க்கிழமை காலை வேனுக்குப் போகும் முன் அவரிடம் போனைக் காட்டி, அந்த மிஸ்டு கால் குறியைச் சொன்னேன்.

"இத எப்ப பாத்த?"

"இப்பத்தான்."

அவர் உடனே குழுவில் எழுதினார். நான் செருப்புப் போடுவதற்குள் அவரை நீக்கிவிட்டார்கள். அவளுக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் அன்றைக்கே கட்டிவிட்டாள். தங்கையும் நேற்று கட்டிவிட்டாளாம்.

கொஞ்ச நாளிலேயே, காயினைப் பணமாக எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்ட வேண்டும் என்று செயலியில் வந்தது. சிலர் அதையும் கட்டினார்கள். பிறகு ஒரு நாள் செயலி திறக்கவில்லை. லீடரின் எண் அணைந்திருந்தது. குழுவும் காணாமல் போனது. எங்கள் ஸ்கூட்டர் பணமும் போயிற்று.

சைபர் கிரைமில் புகார் கொடுக்க நாங்கள் கிருஷ்ணகிரிக்குப் போனோம். அவளும் தங்கையும் வந்திருந்தார்கள். எழுதி வாங்கிக்கொண்ட பெண் காவலர் ஜெராக்ஸ்களைப் புரட்டிவிட்டு, "இதையெல்லாம் யாருங்க கண்டுபுடிச்சது? நல்லா பாத்திருக்கீங்களே" என்றார்.

"நான் இல்லங்க" என்றார் என் கணவர். "எல்லாம் இவங்கதான். மொதல்ல இருந்தே இவங்க சொல்லித்தான் நான் எழுதினேன். டைப் பண்ணதோட சரி."

எத்தனையோ நாளாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வெந்துகொண்டிருந்தேன். அது அங்கே, புகார் எழுதும் இடத்துப் பெஞ்சில், அவளும் அவள் தங்கையும் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாக்கா? அந்த மிஸ்டு கால் கூடவா? அது எப்பக்கா பாத்தீங்க?"

"மீட்டிங் முடிஞ்சு வந்துதான்" என்றேன்.

அவள் நம்பினாள். "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். "உங்கள ஒண்ணும் சொல்லலக்கா. எங்க நேரம்" என்றாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமையே பார்த்தது, ஹாலில் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"என்கிட்ட நீங்க அப்படிப் பேசி எத்தன வருசமாச்சு? நான் சொன்னத எடுத்துட்டுப் போயி, அந்தக் கொரல்ல, அவளுக்குச் சொன்னீங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என் மேல கோவம்னா என்னத் திட்டியிருக்கலாம். அதுக்கு அவங்க என்ன பண்ணாங்க?"

நான் இரண்டு கிளாஸையும் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் போல வீட்டில் தேவைக்குத்தான் பேசினோம். பிறகு ஒரு விடுமுறை நாளில் நான் தனியாகக் கிருஷ்ணகிரிக்குப் போய் அவள் கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். சின்னக் கடை. இரண்டு மெஷினில் ஒன்று இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் ஒரு ப்ளவுஸின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன்.

அவள் கை நின்றது. "மீட்டிங்குக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"நான் கேட்டேனே. வாசல்லயே உங்க கையப் புடிச்சுட்டுச் சொன்னேனே."

"ஆமா."

"நான் சாரோட பேசினதாலயா சொல்லல?"

நான் தலையை ஆட்டினேன்.

"அவர்கிட்ட நான் பேசினது பூராவும் காயினப் பத்திதான்."

"தெரியும். எல்லாத்தையும் நான் கேட்டிருக்கேன்."

"கேட்டுமா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. பிரித்த நூலை விரலில் சுற்றி எடுத்துக் கீழே போட்டாள். "கஸ்டமர் வர்ற நேரம். நீங்க கெளம்புங்க."

கிளம்பினேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்ததை வீட்டில் அவரிடம் சொன்னபோது, "சரி" என்றார். சாப்பிட்ட தட்டை அன்று அவரே கழுவினார். அது எனக்காகவா, இல்லை வேறு எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவா, தெரியவில்லை.

புகார் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது யாராவது புதிதாக ஏதாவது திட்டத்தைச் சொல்லி அவரிடம் ஆலோசனை கேட்டால், "எங்க வூட்டுல கேளுங்க" என்று போனை என்னிடம் தந்துவிடுகிறார். நான் பார்த்துச் சொல்கிறேன். என் பேரில் நன்றி வருகிறது. அது வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஹாலின் மேசை வரிசையும் அதில் நின்ற ஒரு முதுகும் கண்ணில் தெரிகின்றன. ஆனாலும், நன்றியில் அவர் பெயரும் சேர்ந்து வந்தால் இன்னும் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. அது போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய்.

போன மாதம் அவள் எனக்குப் போன் செய்தாள். அவருக்கு அல்ல, எனக்கு. புகாரோடு வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டாள். முதலில் கட்டிய நாளிலிருந்து, கூட்டத்தன்று கட்டியது உட்பட என்று சொன்னேன். தங்கைக்கும் தனியாக எடுக்க வேண்டும் என்றேன். விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

பின்னால் தையல் மெஷின் ஓடுவது கேட்டது.

"அனுப்புங்க மேடம்" என்றாள், முன்பு அக்கா என்று அழைத்தவள்.

எழுதினேன். இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதி, ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்து அன்று மாலையே அனுப்பினேன்.